‘ஃபால்ஸ்’ என்று எழுதிவிட்டுப் போனவர்

7 செப்டம்பர் 1931, திங்கள்

போன மாதம் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரியின் ரிப்போர்ட் இன்று தபாலில் வந்தது. சின்ன வகுப்புகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை. கீழே ஐந்தாம் வகுப்பு: பெயர்களைக் கூப்பிட்டாராம், ஒருத்தரும் பதில் சொல்லவில்லையாம், அப்படி ஒரு வகுப்பே நடப்பதாகத் தெரியவில்லையாம். கடைசியில், ரிஜிஸ்டர் ஃபால்ஸ். இனி அந்த வகுப்புக்கு அரசாங்கப் பணம் கிடையாது. விளக்கம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதலாம்.

அந்த ரிஜிஸ்டரை எழுதுவது இந்த ஷாகிராவின் கை. ஹெட்மிஸ்ட்ரஸ் என்று கீழே கையெழுத்துப் போடுவதும் இதே கைதான். என்னைப் பொய்க்காரி என்கிறார்.

ஐந்தாவதுப் பிள்ளைகள் எல்லாம் கோஷா, அந்நிய ஆண் கண்ணில் படாதவர்கள். திரைக்குப் பின்னால்தான் பாடம். வருஷா வருஷம் பார்வையிட ஓர் அம்மாள் வருவார், திரையைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்து உட்காருவார். இந்தத் தடவை அவர் லீவில் போய்விட்டதால் வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஓர் ஆண் வந்தார். அந்நிய ஆண் காதில் குரல் விழக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள், அவர் பேரைக் கூப்பிட்டால் வாயைத் திறக்குமா? பதினாலு பேரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நானும் கோஷாதான், நான் எப்படிப் பேசுவது? ஆயா ஜைதூன் பீதான் திரைக்கு வெளியே நின்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினாள்: “உள்ளாறத்தான் கீறாங்க சாமி, அல்லாம் கீறாங்க.” இருந்தால் ஏன் பதில் இல்லை என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இந்த வகுப்பு போனால் பதினாலும் வீட்டோடுதான். வேறு எந்தப் பள்ளிக்கூடத்தில் திரை கட்டி வைத்திருக்கிறான்?

8 செப்டம்பர்

விளக்கம் எழுதினேன். “தங்கள் ரிப்போர்ட்தான் ஃபால்ஸ்.” அவர் வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்ததில் மனசு கொஞ்சம் ஆறியது.

தம்பி இனாயத் மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கிறான். சாயந்திரம் வந்து படித்தான். “அக்கா, ஃபால்ஸ்னா வேணும்னே பொய் சொன்னார்னு அர்த்தம். இந்தக் கடுதாசி அவர் கைக்குப் போச்சுன்னா பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க.” அப்போ என்னை மட்டும் வேணும்னே பொய் சொன்னேன்னு அவர் எழுதலாமா? எழுதலாம், அவர் அதிகாரி. கிழித்துப் போட்டேன்.

10 செப்டம்பர்

அகராதியும் நானும். அன்ட்ரூ, உண்மையல்ல — அதுவும் முகத்தில் அடிக்கிற மாதிரிதான் இருக்கிறது. இன்அக்யுரேட் — பதினாலு என்பதற்குப் பதின்மூன்று என்று எழுதியிருந்தால் சரி. இங்கே ஒரு வகுப்பையே காணோம் என்று அல்லவா எழுதியிருக்கிறார். ஓவர்சைட் — கண்ணில் படாமல் போனது. கண்ணில் படக் கூடாது என்றுதானே திரையே கட்டியிருக்கிறோம்?

இனாயத் ஒன்று சொன்னான்: “வித் கிரேட் ரெஸ்பெக்ட்னு ஆரம்பிச்சுக்கோ. எங்க வக்கீல் ஜட்ஜைத் திட்டறப்போ எல்லாம் அப்படித்தான் ஆரம்பிப்பார்.”

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வார்த்தை வரவில்லை.

11 செப்டம்பர், வெள்ளி

பள்ளிக்கூடம் விடுமுறை. தொழுகை முடித்துவிட்டு மயிலாப்பூர் போனேன், கோமளம் வீட்டுக்கு. எங்களிடம் கணக்கு டீச்சர் அவள். அதிகாரி வந்த அன்று பார்த்து லீவு. அவள் இருந்திருந்தால் வெளியே நின்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளியிருப்பாள்.

“எங்காத்துக்காரர் ஆபீஸ்ல யாரையாவது தப்புன்னு சொல்லணும்னா, மிஸ்இன்ஃபார்ம்ட்னு எழுதுவார். யாரோ உங்களுக்குத் தப்பா சொல்லிட்டா, நீங்க என்ன பண்ணுவேள் பாவம்னு அர்த்தம். படிக்கறவாளுக்குக் கோவமே வராது” என்றாள்.

அடடா, என்ன நாசூக்கு. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே டிராம் ஏறினேன். ராயப்பேட்டை வருவதற்குள் ஒன்று உறைத்தது. யாரோ சொன்னார்கள் என்றால் யார்? அன்று அவரோடு பேசியது ஒரே ஆள். ஜைதூன் பீ. அவள் சொன்னதோ அவ்வளவும் நிஜம்.

14 செப்டம்பர்

பள்ளிக்கூடக் காரியதரிசி மெஹபூப் அலி சாகிப் வந்தார். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். தோல் வியாபாரி, நல்ல மனுஷர், அரசாங்க முத்திரையைக் கண்டால் மட்டும் பயம். அவருக்கு அந்த மிஸ்இன்ஃபார்ம்ட் ரொம்பப் பிடித்துவிட்டது.

“ஆயா உளறிட்டான்னு சேர்த்துக்கோம்மா. அவளை ரெண்டு மாசம் நிறுத்தி வச்சிட்டு அப்புறம் எடுத்துக்கலாம்.”

திரைக்குப் பின்னால் இருந்தே சொன்னேன்: அந்த ஆயா அழைச்சிக்கிட்டு வரலேன்னா உங்க தெருவிலிருந்து ஒரு பொண்ணும் வாசப்படி தாண்டாது. நிஜத்தைச் சொன்ன ஒரே வாய் அவளது, அதைப் பொய்யாக்கிட்டு என் ரிஜிஸ்டரை நிஜமாக்கணுமா? ஆயா பேர் போச்சுன்னா என் பேரையும் எடுத்துடுங்க.

சாகிப் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது. பிறகு, “சரி, வேற வார்த்தை பாரு” என்றார். பார்க்கிறேன். பார்க்காமல் விடுவதாக இல்லை.

16 செப்டம்பர்

இன்று ஒன்று தோன்றியது. அவர் பக்கம் நின்று அந்த நாளை யோசித்துப் பார்த்தேன். ஆள் நினைத்திருந்தால் ஒரு கையால் திரையை விலக்கியிருக்கலாம், அதிகாரிதானே. தொடவில்லை. தள்ளி நின்று பேரைப் படித்தார். மரியாதைக்காரர். அந்த மரியாதையினால்தான் தப்பாக எழுதினார்.

அதையே எழுதினேன். தாங்கள் திரையைத் தொடாமல் நின்றதற்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். எங்கள் பெண்கள் அந்நியர் முன் குரல் கொடுப்பதில்லை. ஆகையால் வகுப்பு இல்லை என்ற முடிவு மிஸ்டேக்கன். பொய் சொன்னார் என்றும் இல்லை, யாரோ அவருக்குத் தப்பாகச் சொன்னார்கள் என்றும் இல்லை. தவறு, அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு வரி: மறுபடி வந்து கூப்பிடுங்கள், பதில் வரும்.

இனாயத் கடைசி வரியில் விரலை வைத்தான். “வருமா?”

18 செப்டம்பர், வெள்ளி

ஜைதூன் பீயோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். பெண்கள் ஒரு வார்த்தை, ‘ஹாஜிர்’, அதாவது இருக்கிறேன் என்று மட்டும், சத்தமாகச் சொல்ல அம்மாக்கள் சம்மதிக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜஹனாராவின் அம்மா அஃப்சருன்னிசா மட்டும் மசியவில்லை. வகுப்பில் முதல் பேர் அவள் மகளுடையது. முதல் பேரே மௌனம் என்றால் மற்றதுகளுக்கு எங்கே தைரியம் வரும்?

“என் பொண்ணு குரலை ஊரான் கேக்கணுமா டீச்சர்?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேத்து வளையல்காரனோட திரைக்குப் பின்னாலேர்ந்து பேரம் பேசினீங்களே, தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சே, அவன் என்ன உங்க கூடப்பிறந்தவனா என்று கேட்டுவிட்டேன். ஜைதூன் பீ பயந்து என் கையைக் கிள்ளினாள். “இன்னாம்மா இப்டி சொல்லிக்கினு...” அஃப்சருன்னிசா முறைத்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். டீ கொடுத்தாள். சம்மதம் மட்டும் கொடுக்கவில்லை, பார்க்கலாம் என்றாள்.

19 செப்டம்பர்

சாகிப் கையெழுத்துப் போட்டார். தபாலில் சேர்த்தாயிற்று.

29 செப்டம்பர்

பதில் இல்லை. அதிகமாக எழுதிவிட்டேனோ? இல்லை. எழுதியது சரிதான்.

14 அக்டோபர்

பதில் வந்தது. திங்கட்கிழமை அவரே வருகிறாராம். கோமளத்திடம் லீவு மட்டும் போடாதே தாயே என்று சொல்லி வைத்தேன். சிரித்தாள். அஃப்சருன்னிசா இன்னும் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறாள்.

19 அக்டோபர், திங்கள்

வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் கோமளம் நாற்காலி போட்டாள். இந்தப் பக்கம் நாங்கள். ரிஜிஸ்டரைப் பிரித்து, “ஜஹனாரா பேகம்” என்றார்.

பிள்ளை வாயைத் திறக்கிறது, குரல் வரவில்லை, கண் நிறைய நீர். அல்லா, முதல் பேரே போச்சே என்று நினைத்தேன். என்ன செய்தேன் என்று இப்போது எழுதும்போதுகூட நம்ப முடியவில்லை. நான் பேசினேன். “சார், நான் ஹெட்மிஸ்ட்ரஸ் பேசறேன். தயவுசெஞ்சு இன்னொரு தடவை கூப்பிடுங்க.” என் வீட்டு ஆண்களைத் தவிர, இத்தனை வருஷம் சாகிபைத் தவிர, என் குரலைக் கேட்ட முதல் ஆண் அவர்.

அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார், முன்னைவிட மெதுவாக. ஜஹனாரா என் முகத்தையே பார்த்துக்கொண்டு “ஹாஜிர்” என்றாள். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பெண் கத்திய கத்தலில் வெளியே ஜைதூன் பீ சிரித்தது கேட்டது.

புஸ்தகத்தில் ஏதோ எழுதினார். கோமளம் அதை வாங்கித் திரையோரமாக உள்ளே நீட்டினாள். ஐந்தாம் வகுப்பு நடக்கிறது, பணம் தொடரலாம் என்று சிபாரிசு. அதற்குக் கீழே, என் முந்தைய குறிப்பைப் பொறுத்தவரை, ஐ வாஸ் ராங்.

இத்தனை நாளும் அவரைப் பற்றி நாங்கள் என்ன சொல்லலாம் என்றே தேடிக்கொண்டிருந்தோம். அவரே ‘நான்’ என்று ஆரம்பிப்பார் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாளைக்கு ஐந்தாவதுக்குப் பின்னக் கணக்கு ஆரம்பிக்கிறோம்.