பாவுத் தெருவில் வாசித்த பங்குதாரர் மடல்

காலையில் ஜன்னலைத் திறந்ததும் தறிக்கான பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் வாசனை அலுவலகத்துக்குள் வந்தது. கூடவே, தோழி, உன் நினைப்பும். மேசைமேல் நம் நெசவாளர் கம்பெனியின் பங்குதாரர்களுக்குத் தலைவர் எழுதும் ஆண்டு மடல். நீ எங்களை விட்டுப் போன பிறகு நான் தனியாக எழுதும் முதல் மடல். மதியத்துக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். எனக்கோ நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. ஃபேனை நிறுத்தினேன், மறுபடி போட்டேன்.

நீ தலைவராக இருந்தபோது, எழுதிய தாளைத் தெருவுக்கே தூக்கிக்கொண்டு போவாய். அங்கே பாவு நீட்டி இழை பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தானே நம் பங்குதாரர்கள்! சத்தமாக வாசிப்பாய். எந்த வரிக்கு அவர்கள் கை நிற்கவில்லையோ, அந்த வரியை அங்கேயே அடிப்பாய். "யாரும் கேக்காத வரி எதுக்குடி? பேப்பர் தண்டம்." பக்கத்தில் நிற்கும் எனக்கு மானம் போகும்.

இந்த ஆண்டு விஷயம் வேறு. முகூர்த்த ஆர்டர் அவசரத்தில், சாயம் தோய்த்த சிவப்புப் பட்டு நூலைச் சரியாக அலசாமல் தறிக்கு அனுப்பச் சொன்னவள் நான். "இன்னும் ரெண்டு தண்ணி அலசணும்மா, சாயம் இறங்கிக்கினே இருக்குது" என்று சாயக்காரர் கெஞ்சினார். கேட்டேனா? கரையின் சிவப்பு சந்தன நிற உடல்பகுதியில் இறங்கி, புடவைகள் திரும்பி வந்தன. பழி நெய்தவர்கள்மேல் விழுந்தது. நான் வாயே திறக்கவில்லை.

ஆடிட்டர் திருத்திக் கொடுத்த மடலில், "பருவநிலை காரணமாகத் தரத்தில் சிறு ஏற்ற இறக்கம்" என்று இருந்தது. அழகான வரி. பொதுக்குழுவில் மறுதேர்தல் வேறு வருகிறது, என் பதவிக்கும் பாதுகாப்பு.

அந்தத் தாளோடு தெருவுக்குப் போனேன். வாசித்தேன். ஒரு கையும் நிற்கவில்லை. சீ, என்ன பிழைப்பு இது என்று எனக்கே கூசியது. தாளை மடித்துவிட்டுச் சொன்னேன்: "மழை காரணம் இல்லீங்க. அலச வேணாம்னு சொன்னது நான்தான்."

அத்தனை கைகளும் நின்றன. சரோஜா மட்டும் என் அருகில் வந்தாள். அவள் கணவர் நெய்த புடவையும் திரும்பி வந்ததுதான்.

"என் வீட்டுக்காரரு இன்னும் தன் கைதான் தப்புன்னு நெனச்சிக்கினு கெடக்குறாரு. தறியில உக்காரவே பயப்படுறாரு. அவரு மேல தப்பில்லன்னு மொதல்ல எழுதுமா."

எழுதிவிட்டேன். மடலின் முதல் வரியே அதுதான். பதவி போனால் போகட்டும். ஆனால் அந்த மனிதர் தன் கைகளைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களை நான் எந்த வரியால் அடிப்பது? சொல்லேன்டி.