அத்திம்பேரின் ஐஸ்பெட்டிக்கு வந்த வியாதி

என் பிரியமுள்ள அத்திம்பேருக்கு, வைத்தி அநேக நமஸ்காரம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம், அங்கே எப்படி என்று தொடங்கித்தான் எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம். இன்றைக்கு அந்த இரண்டையும் தள்ளி வைக்கிறேன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. சொல்ல வேண்டிய செய்தி இரண்டு இருக்கிறது. ஒன்று, பங்குனியில் உங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தாள். இன்னொன்று, உங்கள் ஐஸ்பெட்டி கெட்டுப் போனது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறானே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் இருக்கிறது.

முதலில் குழந்தை. பெயர் ஜானகி. மூக்கு உங்களுடையது, பிடிவாதம் அக்காவுடையது. பிரசவத்துக்கு அப்புறம் அக்காவுக்கு இருபது நாள் ஜுரம் அடித்ததில் தாய்ப்பால் நின்றுவிட்டது. பசும்பால்தான் கொடுக்கிறோம். காலையில் பால்காரன் மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து தருகிறான். சாயந்திரம் மாடு வராது, தூக்குதான் வரும். அந்தத் தூக்கில் பாதி காளிகாட் குளத்து ஜலம். ஆகையால் காலைப் பாலையே காய்ச்சி வைத்து, பொழுது சாயும் வரை கெடாமல் காப்பாற்ற வேண்டியிருந்தது.

சித்திரை வெயில் அதை விடவில்லை. பால் கெட்டது தெரியாமல் இரண்டு தடவை கொடுத்துவிட்டோம். குழந்தை வாந்தியும் பேதியுமாகத் துவண்டுவிட்டாள். நாலு வீடு தள்ளி இருக்கும் டாக்டர் பாபு வந்து பார்த்தார். “மூன்றாம் தடவை இப்படி வந்தால் என் கையில் ஒன்றும் இல்லை. வீட்டில் ஐஸ்பெட்டி இருக்கிறதே, பாலை அதில் வைக்க என்ன தடை?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

தடை பெட்டிதான். போன வருஷம் காலையில் வைத்த ஐஸ் மறுநாள் காலையில்கூடத் தேங்காயளவு மிச்சம் இருக்கும். இந்த வருஷம் மத்தியானம் மூன்று மணிக்குள் முழுசும் தண்ணீராகிவிடுகிறது. அதே பெட்டி, அதே மூலை. ஏன் என்று உங்களைக் கேட்டால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பீர்கள். நான் சுங்க ஆபீஸ் குமாஸ்தா. என்ன சரக்கு, எத்தனை மூட்டை என்று எழுதத் தெரியுமே தவிர, மூட்டைக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்தவன் இல்லை.

முதல் சந்தேகம் ஐஸ்காரக் கிழவர்மேல் விழுந்தது. பாதி உருகின கட்டியை நம் தலையில் கட்டுகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். மனிதர் சாக்கைப் பிரித்துக் கட்டியைக் காட்டினார். “பாபு, என் ஐஸைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் பெட்டியை எதில் வைத்துப் பார்ப்பது?” என்றார். கட்டி சரியாகத்தான் இருந்தது. மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்தது கதவு. கதவு இடுக்கில் ஒரு காகிதத்தைச் செருகி மூடி, இழுத்துப் பார்த்தேன். தடையில்லாமல் வந்துவிட்டது. கதவு விளிம்பில் நீங்கள் ஒட்டியிருந்த கம்பளிப் பட்டை நைந்திருந்தது. புதுசு ஒட்டினேன். இப்போது இழுத்தால் காகிதம் கிழிகிறது. ஏதோ பெரிய என்ஜினீயர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன். அன்றைக்கு ஐஸ் மூன்றரை மணி வரை இருந்தது.

பிறகு, உருகின தண்ணீர் வெளியேறும் குழாய். அதற்குள் வெளிக்காற்று ஏறி வருமோ என்று பிரம்புக் குச்சி விட்டுக் குடைந்தேன். பாசியும் ஒரு கரப்பான்பூச்சியும் வந்தன. நாலு மணிகூட ஆகவில்லை, ஐஸ் காலி.

அக்கா கதவை ஓயாமல் திறக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். ஒரு நாள் முழுக்கத் திறக்கக் கூடாது என்று சொல்லி, கதவுக்குக் குறுக்கே நூல் கட்டிவிட்டு ஆபீஸுக்குப் போனேன். சாயந்திரம் நூல் அப்படியே இருந்தது, ஐஸ் இல்லை. “என்மேல சந்தேகமாடா உனக்கு?” என்று கேட்டுவிட்டு அக்கா அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் என்னை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியின் வெளிப்பலகை சில்லென்று இருந்தது. வியர்வைகூடப் பூத்திருந்தது. நாமெல்லாரும் பௌதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாளின் குழந்தைகள் வந்து அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். “உங்கள் பெட்டிக்கு என்ன குறை? எவ்வளவு குளிர்ச்சி!” என்று பௌதி சொல்வாள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை, ஒரே கட்டியை இரண்டாக உடைத்தேன். ஒரு பாதியைப் பெட்டியில் வைத்தேன். மற்றதை உங்கள் பழைய கம்பளியில் சுற்றிப் பிரம்புக் கூடையில் வைத்தேன். கம்பளி ஜெயித்துவிட்டது, அத்திம்பேர்! துத்தநாகத் தகடும் தேக்கும் பித்தளைக் கீலும் போட்ட பெட்டி, ஒரு கம்பளியிடம் தோற்றுப்போனது. நான் கூடைக்கும் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தேன். கம்பளியின் வெளிப்புறத்தில் குளிர்ச்சியே இல்லை. பெட்டியின் வெளிப்புறம் சில்லென்றது. அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? உள்ளே இருக்கும் ஐஸிலிருந்துதானே? அப்படியானால் உள்ளே இருக்க வேண்டியது பலகை வழியாக வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் கன்னம் வைத்து அனுபவித்ததெல்லாம் ஜானகியின் பாலுக்குச் சேர வேண்டிய குளிர். நாங்கள் சந்தோஷப்பட்டதுதான் வியாதி.

இது தெரிந்த மறுநாளே வேறொரு வழியும் திறந்தது. கிடர்பூரில் எங்கள் ஆபீஸ் துரை ஒருவர் சனிக்கிழமை கப்பலேறுவதாக இருந்தார். அவர் வீட்டு ஐஸ்பெட்டி போன வருஷம் வாங்கினது, அதை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போக நினைத்தார். சனிக்கிழமை காலைக்குள் வேண்டும், வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அது மாமிசம் வைத்துப் புழங்கின பெட்டி. அக்காவிடம் சொல்லவே எனக்குப் பயம். சொன்னேன்.

“மாமிசம் வெச்சதாடா?”

“ஆமாம், அக்கா.”

குழந்தையின் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள்.

“கொண்டு வா. புளியைப் போட்டுத் தேய்ச்சு நான் சுத்தம் பண்ணிக்கறேன். கொழந்தைக்கு இன்னொரு தரம் வயிறு போனா தாங்காது. உங்க அத்திம்பேர் வாங்கின பொட்டிங்கறதுக்காக அதை வெச்சுண்டு பூஜையா பண்ண முடியும்?”

வெங்காயம் நறுக்கின கத்தியைக்கூடத் தனியாக வைக்கும் அக்கா சொன்னது இது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையைச் சொல்கிறேன், பெட்டியை விட மனசில்லாதவன் நான்தான். வெள்ளிக்கிழமை வரை பொறு, நம் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுகிறேன் என்று அவளிடம் கெஞ்சினேன். அதுவரை பால் கம்பளிக் கூடையில் இருக்கட்டும், ஐஸை இரண்டு வேளை வாங்கலாம் என்றேன். சரி என்றாள்.

புதன்கிழமை தச்சு வேலை செய்யும் ஹரிபத மிஸ்திரியை அழைத்து வந்தேன். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தவே நாலு பேர் வேண்டியிருந்தது. போன வருஷம் நீங்களும் நானும் இரண்டு பேராக நகர்த்தினோமே, அது ஏன் எனக்கு அப்போதே உறைக்கவில்லை? மிஸ்திரி பின்பலகையின் திருகாணிகளைக் கழற்றினார். பலகை விலகினதும் கறுப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே அடைத்திருந்த கரித்தூள் சேறாகிக் கிடந்தது.

“ஏ கீ கோரேச்சேன், பாபு?” என்றார். என்ன காரியம் பண்ணிவைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தத் தூள் உலர்ந்து இருக்கும் வரைதான் உள்ளே இருக்கும் குளிரைப் பிடித்து வைக்குமாம். நனைந்துவிட்டால் கம்பளிக்குப் பதில் ஈரத்துணி போர்த்தின மாதிரிதான்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? தகட்டு அறைக்குள் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஒரு சொட்டு கசியவில்லை. “அப்படியென்றால் வெளியிலிருந்து வந்திருக்கிறது. மேல்பலகை இடுக்கு வழியாக. மழை வெள்ளத்தில் நின்றதா?” என்று மிஸ்திரி கேட்டார். மாடி வீட்டுக்கு எந்த வெள்ளம் வரும்? நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கொட்டியவன் நான், அத்திம்பேர்.

உங்கள் பத்தாம் நாள் காரியம் கழிந்த அன்று தீட்டுப் போக வீடு முழுக்க அலம்பினோம். கட்டில், அலமாரி, நாற்காலி எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு குடம். ஐஸ்பெட்டிக்கு மட்டும் ஐந்தாறு குடம் கொட்டினேன். வீட்டில் நீங்கள் அதிகமாகத் தொட்டது அதைத்தான் என்று தோன்றியது. அன்றைக்கு வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குழாயடிக்கும் பெட்டிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அழாமல் இருக்க அது ஒன்றுதான் வழியாக இருந்தது. சித்திரையில் ஐஸ் வாங்கத் தொடங்கினதும், ஐஸ்காரர் தொட்டுவிட்டுப் போகிறாரே என்று தினமும் இரண்டு சொம்பு வேறு. நான் கொட்டக் கொட்ட, கரித்தூள் ஒரு சொட்டு விடாமல் குடித்து வைத்திருக்கிறது.

நீங்கள் இருந்தவரை பெட்டிமேல் ஒரு சொம்பு ஜலம் விட விட்டதில்லை. அக்கா சொம்போடு வந்தால், “ஐஸே ஜலந்தானேடி, அது தன்னைத் தானே அலம்பிக்கும்” என்று சிரிக்க வைத்துத் திருப்பி அனுப்புவீர்கள். மடி ஆசாரத்தில் உங்களுக்குச் சோம்பல் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். காரணம் உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் விஷயத்தைச் சொல்லாமல் வேடிக்கை பேசி ஏன் மழுப்பினீர்கள்? சொன்னால் நாங்கள் கேட்கமாட்டோம் என்றா? இதை நினைத்தால் ஒரு சமயம் கோபம் வருகிறது, ஒரு சமயம் உங்கள் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்பு வருகிறது.

அக்காவிடம் சொல்லாமல் மறைக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

“நான்தான் கெடுத்தேன், அக்கா. கொழந்தை பட்ட பாடெல்லாம் என்னாலதான்.”

“நீ மட்டுமாடா? உக்காந்த எடத்துலேருந்து இன்னொரு கொடம், இன்னொரு கொடம்னு சொன்னது யாரு?” என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி பண்ண முடியும்னா பண்ணு. இனிமே அதுமேல ஒரு சொட்டு ஜலம் படப்படாது.”

“ஐஸ்காரர் தெனம் தொடுவாரே?”

“தொடட்டும். டாக்டர் பாபு கொழந்தையைத் தொடலையா?”

உலர்ந்த கரித்தூளுக்கு மிஸ்திரி ஒரு வாரம் கேட்டார். இந்த ஊர்ப் புழுக்கத்தில் நனைந்ததைக் காயவைக்க மாதமே ஆகும். எங்களிடம் இரண்டு நாள்தான். அப்போதுதான் துறைமுகக் கிடங்கு ஞாபகம் வந்தது. மேல்நாட்டுத் திராட்சை வருகிற பீப்பாய்களில் பழம் நசுங்காமல் இருக்கத் தக்கைத்தூள் நிரப்பி அனுப்புவார்கள். பழத்தை எடுத்துக்கொண்டு தூளைக் குப்பையில் கொட்டுவார்கள். எத்தனை வருஷமாக அந்தக் குப்பையை மிதித்து நடந்திருக்கிறேன்! ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மிதந்தது, தண்ணீரைக் குடிக்கவில்லை. கேட்டு வாங்கி நாலு சாக்கு வண்டியில் ஏற்றி வந்தேன். சுங்க ஆபீஸ் பாபு குப்பை அள்ளுகிறார் என்று ஒரு வாரத்துக்குச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். வியாழக்கிழமை மிஸ்திரி தகட்டையும் பலகையையும் துடைத்து உலர்த்தி, தூளைக் கெட்டியாக அடைத்து, மேல் இடுக்கில் கப்பலுக்குப் பூசுகிற தாரைப் பூசி மூடினார்.

வெள்ளிக்கிழமை காலைப் பாலை உள்ளே வைத்தோம். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். பலகையைத் தொட்டுப் பார்த்தேன், நாற்காலியைப் போலத்தான் இருந்தது. பௌதியின் குழந்தைகள் கன்னத்தை வைத்துப் பார்த்து, கெட்டுப் போய்விட்டது என்று ஏமாந்து திரும்பினார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா பாலை எடுத்து அடுப்பில் ஏற்றினாள். கெட்ட பாலாக இருந்தால் சூடு ஏறினதும் திரிந்துவிடும். பௌதியும் வந்து நின்றாள். ஓரத்தில் நுரை கட்டியது. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பால் திரியாமல், வெள்ளையாக, பாத்திரத்தின் வாய் வரைக்கும் பொங்கி வந்தது. அக்கா இறக்கக்கூட மறந்து நின்றாள். பௌதிதான் இறக்கி வைத்தாள்.

ஜானகி இரண்டு பாலாடை பால் குடித்தாள். ஒரு மணி நேரம் நான் பக்கத்தைவிட்டு நகரவில்லை. வாந்தி எடுக்கவில்லை, வயிறு போகவில்லை. தூங்கிப் போனாள். சனிக்கிழமை காலையில் பெட்டிக்குள் தேங்காயளவு ஐஸ் மிச்சம் இருந்தது. துரையிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றோடு பதினோரு நாள், குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை. முகத்தில் சதை பிடித்திருக்கிறது என்று டாக்டர் பாபு சொல்கிறார்.

மாசியில் உங்கள் வருஷாப்திகம், முதல் வருஷத் திதி வரும். அதற்குள் ஜானகிக்குப் பதினோரு மாதம் ஆகியிருக்கும், எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற வயசு. திதிக்கு நீங்கள் வரும் அன்றைக்கு அவள் உங்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளை அதுவரை கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனனும் ஜானகியின் தாய்மாமனுமாகிய
வைத்தி