குழிப் பக்கம் சிவப்பு ஒயர்

ஜூன் 9

இன்று என் பிள்ளைகள் டி.என்.ஏ-வைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். ஜெல்லின் ஓரத்துக் குழிகளில் அதை ஊற்றி, மின்சாரம் பாய்ச்சி, சாயம் ஏற்றிக் கழுவினால் நீலக் கோடு கோடாய். "மிஸ், இதுவா நம்ம தலையெழுத்து?" என்றது ஒரு வாலு. சிரித்துவிட்டேன்.

எல்லாப் பள்ளிகளிலும் உயிரித்தொழில்நுட்பச் செய்முறை வரப்போகிறதாம். ஆசிரியர் கையேட்டுக்குப் பாடத்திட்டக் குழு ஆள் தேடுகிறது. நான்கு வருஷமாக நான் எழுதிச் சேர்த்த இருபத்தாறு பாடங்களையும் அனுப்பப்போகிறேன். தானே பிழை பார்த்துத் தருவதாக வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். பெண்டாட்டி வேலையில் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன்.

ஜூன் 24

இன்னும் பார்க்கிறாராம்.

ஜூன் 30

கடைசி நாள். திருப்பித் தந்தார். இரண்டு கால்புள்ளி திருத்தியிருக்கிறார். ஓட்டமும் நடையுமாய்ப் போய் அனுப்பினேன்.

ஜூலை 17

குழுவிடமிருந்து தலைமையாசிரியைக்குக் கடிதம். "ஏற்கெனவே ஏற்கப்பட்ட ஒரு கையேட்டை உங்கள் ஆசிரியை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார். விளக்கம் தேவை." என்னைத் திருடி என்கிறார்கள்! தலைமையாசிரியை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூலை 18

ஏற்கப்பட்ட அந்தக் கையேடு பள்ளிக்கு வந்துவிட்டது. அட்டையில் என் நாத்தனார் பெயர். அவளும் உயிரியல் டீச்சர்தான், வேறு பள்ளியில். உள்ளே என் வரிகள். என் படங்கள். ஒன்பதாம் பாடத்தில் "குழிப் பக்கம் சிவப்பு ஒயர்" என்பதுகூட அப்படியே. ஈயடிச்சான் காப்பி.

அது என் பெட்டிக்கு மட்டும் எழுதிய வரி. சோற்று டப்பாவில் நானே செய்த ஜெல் பெட்டி அது; ஒயர் நிறத்தை மாற்றிப் பற்றவைத்துவிட்டேன், பிரிக்கச் சோம்பல். கடையில் வாங்கும் பெட்டியில் குழிப் பக்கம் கறுப்புதான் வரவேண்டும். குழுவுக்கு அனுப்பும்போது அந்த வரியை மாற்ற எனக்கே தோன்றவில்லை.

என் பாடங்களை அவளுக்குக் கொடுத்தது யார்? வேறு யார். சாயங்காலம் கேட்டேன். அவர் மழுப்பக்கூட இல்லை.

"அவளுக்கு வேலை நிரந்தரமாகணும். உனக்குத்தான் பேர் இருக்கே. ஒரே குடும்பம், யார் பேர்ல வந்தா என்ன?"

ஜூலை 19

என்னவா? என்னவாம்? இருபது வருஷம் பக்கத்துல படுத்த மனுஷன் கேக்குற கேள்வியா இது! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னுவாங்க. இங்க நெய்யே பெண்டாட்டியோடது, கை மட்டும் தங்கச்சியோடது. எதிரி செஞ்சிருந்தா தூங்கியிருப்பேன்.

ஜூலை 26

விளக்கம் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அவரைச் சாட்சி சொல்லக் கேட்டேன். தட்டிலிருந்து நிமிரவில்லை.

ஆகஸ்ட் 3

பயிற்சி வகுப்பு. நாற்பது ஆசிரியர்கள், புதுப் பெட்டிகள். மேடையில் நாத்தனார், மூன்றாம் பெஞ்சில் நான். குழிப் பக்கம் சிவப்பு என்று அவள் சொல்ல, எல்லாரும் மாட்டினார்கள். என் பெஞ்சிலும் மாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு வெட்கப்படவும் இல்லை.

பத்தே நிமிஷம். டி.என்.ஏ-வோடு சேர்த்து ஊற்றிய நீலச்சாயம் ஜெல்லுக்குள் முன்னே போகாமல், குழிக்குப் பின்னால் ஓடி நீரில் கரைந்தது. ஒருவர் ஒயரை மாற்றலாமா என்றார். கையேட்டில் உள்ளபடியே செய்யச் சொன்னாள். மறுபடியும் அதே கதி. குழு அதிகாரி மேஜை மேஜையாகப் பார்த்துவிட்டு அவளிடம் காரணம் கேட்டார். அவள் திருதிருவென்று விழித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்களேன்."

எழுந்தேன். "டி.என்.ஏ. எதிர்மின் சுமை உள்ளது, நேர்முனைக்குத்தான் ஓடும். நேர்முனை சிவப்பு. அது குழிக்கு மறுபக்கம் இருக்கணும். என் பெட்டில மட்டும் ஒயர் நிறம் மாறிப்போச்சு, அதனால அப்படி எழுதினேன். பெட்டி பள்ளிக்கூடத்துல இருக்கு, வந்து பாருங்க."

அதிகாரி கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை மடித்து வைத்தார்.

ஆகஸ்ட் 4

"நாலு பேர் முன்னாடி என் தங்கச்சி மானத்தை வாங்கிட்டியே. துரோகி." அவர் சொன்னது. என்னைப் பார்த்து.

ஆகஸ்ட் 11

அதிகாரி வந்து டப்பாவைத் திறந்து பார்த்தார். நான்கு வருஷத்து நோட்டுகளையும் பார்த்தார். மன்னிப்புக் கேட்டார். தலைமையாசிரியையும் கேட்டார்.

செப்டம்பர் 20

திருத்திய கையேடு வந்தது. அட்டையில் என் பெயர். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வீட்டில் அவர் புரட்டிப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு, "இன்னும் கோவமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் அறைக்குள் வந்தார். என்னையறியாமல் நோட்டை மூடிவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மூடியதில்லை. அவரும் கவனித்தார், திரும்பிப் போய்விட்டார்.

நாளையிலிருந்து பாட நோட்டுகளோடு இந்த டைரியும் பள்ளி அலமாரியில்தான் இருக்கும்.