யாரும் நிறுத்தச் சொல்லவில்லை

லிக் ஃபோர்க்
9 அக்டோபர் 2017

அன்புள்ள மார்லி அக்கா,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா பார்த்தால் தொலைந்தேன். உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

டாக்டர் ராட்லிஃப் அப்பாவின் வலி மாத்திரையை நிறுத்திவிட்டார். குறைக்கவில்லை, ஒரேயடியாக நிறுத்திவிட்டார். சுரங்கக் கூரை முதுகில் விழுந்த நாளிலிருந்து எழுதிக் கொடுத்தவர், இந்த முறை அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"வெர்லின், வாரியத்துலேருந்து லெட்டர் வந்திருக்கு. இந்த மாவட்டத்துலயே நான்தான் இந்த மாத்திரைய அதிகமா எழுதுறேனாம். இனிமே ஒண்ணுகூட முடியாது."

"என் முதுகுக்கு லெட்டர் எதுவும் வரலையே டாக்டர்," என்றார் அப்பா.

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

மருத்துவ வாரியத்தின் தபாலைப் பார்ப்பது உன் வேலைதானே? இதையும் நீதான் அனுப்பினாயா? மாத்திரை நின்றதிலிருந்து அப்பாவுக்கு ஓயாத வாந்தி, கைகால் உதறல். பீன்ஸ் வேகவைத்தேன், தொடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் டெசா

தலைநகரிலிருந்து
13 அக்டோபர்

என் செல்ல டெசா,

மதியம் காரில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். ஆம், நான்தான் அனுப்பினேன். நிறைய டாக்டர்களுக்குப் போனது. விளக்கம்தான் கேட்டிருந்தோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பழகிப்போன நோயாளிக்குத் திடீரென்று நிறுத்துவதும் தவறு என்று எங்கள் விதியே சொல்கிறது.

எங்கள் மேல் கோபப்படாதே. இதே மாத்திரையைக் காசுக்காக எழுதித் தள்ளிய ஒரு டாக்டரால்தான் நம் சித்தி மகன் செத்துப்போனான். அப்போது யாரும் கேட்கவில்லை என்று அழுதவர்கள் நாம்தானே.

அப்பா ஒரு புகார் எழுதட்டும். வாரியம் விசாரிக்கும். அவசரப்படாதே. என் பெயர் மட்டும் எங்கும் வரவேண்டாம், கண்ணே. சொந்தக்காரர் விஷயத்தில் வாய் திறந்தேன் என்று தெரிந்தால் வேலை போய்விடும். வேளைக்குச் சாப்பிடு.

முத்தங்களுடன்,
மார்லி

லிக் ஃபோர்க்
19 அக்டோபர்

அக்கா,

புகார் என்றதுமே அப்பா எரிந்து விழுந்தார். "வெள்ளத்துல படகு புடிச்சு வந்து நீ பொறந்தப்ப பிரசவம் பாத்த மனுசன் மேலயா? வெக்கமா இல்ல உனக்கு?"

பள்ளி விட்டதும் நானே டாக்டரிடம் போனேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லையாமே என்று கேட்டேன்.

"இன்னைக்கு விளக்கம் கேக்குறவன் நாளைக்கு லைசென்ஸைக் கேப்பான், பாப்பா. இந்த வயசுல வக்கீல் வீட்டு வாசல்ல நிக்க என்னால ஆகாது."

"அப்ப எங்கப்பா எங்க நிக்கணும்?"

கதவைத் திறந்து பிடித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

நீங்கள் பயமுறுத்தினீர்கள், அவர் பயந்தார். வலிப்பது அப்பாவுக்கு. இப்போது டயர் கடைக்குப் பின்னால் ஒருவனிடம் வலிக்கு ஏதோ நீல மாத்திரை வாங்கி விழுங்குகிறார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று காதை வைத்துக் கேட்கிறேன். கேட்டபடியே நானும் தூங்கிவிடுவேனோ என்று பயம். அவசரப்படாதே என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? ஓர் இரவு வந்து உட்கார்ந்து பார்.

வா அக்கா.

டெசா

தலைநகரிலிருந்து
24 அக்டோபர்

டெசா கண்ணே,

இந்த வாரம் வாரியக் கூட்டம், லீவு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் எப்படியும் வரப் பார்க்கிறேன். அதுவரை அப்பாவைத் தனியாக விடாதே. நீ கெட்டிக்காரி.

மார்லி

லிக் ஃபோர்க்
30 அக்டோபர்

மருத்துவ வாரியத்தாருக்கு,

என் பெயர் டெசா ஸ்லோன். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இது என் அப்பா வெர்லின் ஸ்லோனுக்காக நான் எழுதும் புகார். அவருக்கு இது தெரியாது.

டயர் கடைக்குப் பின்னால் வாங்கிய மாத்திரையை விழுங்கி, சனிக்கிழமை ராத்திரி அப்பாவின் மூச்சு நின்றது. உதடு நீலமாகிவிட்டது. மாத்திரையால் மூச்சு நின்றால் அடிக்கச் சொல்லிப் பள்ளி நர்ஸ் கொடுத்திருந்த மருந்தை மூக்கில் அடித்தேன். ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன். பிழைத்துக்கொண்டார். கண் திறந்ததும் என்னைத் திட்டினார். அதைவிட நல்ல பேச்சை நான் கேட்டதில்லை.

அப்பாவின் வலி மாத்திரையை டாக்டர் ராட்லிஃப் ஒரேயடியாக நிறுத்தியது தவறு. அவரை விசாரியுங்கள். ஆனால் அவரோடு முடித்துக்கொள்ளாதீர்கள். அவர் எவ்வளவு எழுதினார் என்று கூட்டிப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, நிறுத்திய பின் அந்த நோயாளிகள் எங்கே போனார்கள் என்று பார்க்கத் தெரியவில்லையா? டயர் கடைக்குப் பின்னால் வந்து பாருங்கள். வரிசை நிற்கிறது. பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

உங்கள் அலுவலகத்தில் தபால் பிரிக்கும் மார்லி என் அக்கா. நிறுத்துவதும் உங்கள் விதிப்படி தவறு என்று எனக்கு எழுதியது அவள்தான். அந்தக் கடிதத்தையும் இதனுடன் வைத்திருக்கிறேன்.

இதற்குப் பதிலை வேறு யாராவது எழுதுங்கள்.

டெசா ஸ்லோன்