மடித்து வைத்த இரண்டாம் பக்கம்

ஆகஸ்ட் 4, செவ்வாய், காலை

பாப்பாவுக்கு,

அப்பா நலம். வழக்கம்போல உங்கம்மா இதைப் போனில் படம் பிடித்து அனுப்புவாள். போன முறை முதல் வரியை வெட்டிவிட்டாள். இந்த முறை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

பித்தப்பையை எடுத்த நான்கு துளைகளும் காய்ந்துவிட்டன. தோள்வலி, நீ மருத்துவமனைத் தாளைப் படித்துச் சொன்னபடியே, மூன்றாம் நாள் போய்விட்டது. நேற்று பட்டறையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். லேத்தைத் தொடவில்லை. "பித்தப்பையே போச்சு, இனிமே உங்களுக்குக் கோபம் எங்கேர்ந்து வரும்?" என்று ஃபிட்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினான். அவன் எழுத்துப்பிழையைப் பார்த்ததும் வந்தது.

இரண்டு நாளாக உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர், பால் விடாத டீ நிறத்தில் போகிறது. நேற்று மாலை குளிர்காய்ச்சல். கண் மஞ்சளாக இருக்கிறது என்கிறாள் உங்கம்மா. நீ படித்துச் சொன்னதில் இதெல்லாம் இல்லை. அதனால் உடல்சூடு என்று விட்டுவிட்டேன். நிறையத் தண்ணீர் குடிக்கிறேன்.

அப்பா


அதே நாள், பகல் 12 மணி

அன்புள்ள அப்பாவுக்கு,

உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர் சொன்னால் கேட்கமாட்டீர்கள் என்று என் கையால் எழுதுகிறேன்.

நீங்கள் வீடு திரும்பிய அன்று அவர்கள் கொடுத்தது இரண்டு பக்கம். நான் படித்துச் சொன்னது முதல் பக்கம் மட்டும். இரண்டாவதில், அறுவைக்குப் பிறகு வரக்கூடிய சிக்கல்கள் இருந்தன. காது கேட்காததால் நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பயந்துவிடுவீர்கள் என்று நினைத்து, அதை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். தப்பு செய்துவிட்டேன்.

இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன். துளையில் சீழ் பிடிக்கலாம். உள்ளே ரத்தம் கசியலாம். பித்தநீர் கசிந்து வயிற்றுக்குள் தேங்கலாம். பித்தக்குழாயில் காயம் பட்டிருக்கலாம். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் அந்தக் குழாயை அடைத்திருக்கலாம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, மலம் வெளுத்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, வயிற்றுவலி கூடினாலோ அன்றைக்கே வரவேண்டும். இதில் மூன்று உங்களுக்கு இருக்கிறது.

மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன். இரண்டு முறை காத்திருக்கச் சொல்லிவிட்டுத் துண்டித்தார்கள். மூன்றாம் முறை, "டாக்டர் வர்ற வரைக்கும் நான் போனை வைக்கமாட்டேன்" என்றேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். டாக்டர் வந்தார். "இன்னைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார்.

உங்கள் மகள்


அதே நாள், பகல் 2 மணி

பாப்பாவுக்கு,

இரண்டு தடவை படித்தேன்.

பத்து வயதிலிருந்து இந்த வீட்டுக்கு வரும் ஆங்கிலத் தாள்களையெல்லாம் நீதான் படித்துச் சொல்கிறாய். ஒருநாளும் நான் திருப்பிக் கேட்டதில்லை. வரைபடத்தில் ஒரு அளவை மறைத்துக் கொடுத்தால் நான் எதை வைத்துக் கடைவது?

வலி அவ்வளவாக இல்லை. வெள்ளிக்கிழமை எப்படியும் பரிசோதனைக்குப் போகவேண்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். நீ லீவு போடாதே. வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

அப்பா


அதே நாள், மாலை 4 மணி

அப்பா,

உங்கள் கோபம் நியாயம். அதை நேரில் காட்டுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து ஆடுகிறது.

மேலாளர் அறைக்கதவை இன்றுதான் முதன்முதலாகத் தட்டினேன். லீவு கிடைக்குமா என்று கேட்கவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்து மணிக்கு வாசலில் வாடகை வண்டி நிற்கும். நீங்கள் ஏறாவிட்டால் அம்மா மட்டும் ஏறுவார். மருத்துவமனையில் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பார். நானும் அவரும் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். ஒரு பலகையைக்கூடப் படிக்கத் தெரியாதவரை அங்கே தனியாக விடுவீர்களா?

உங்கள் மகள்


ஆகஸ்ட் 14, வெள்ளி

அன்பு மகளுக்கு,

நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்ததை உங்கம்மா சொன்னாள். அரிப்பு அடங்கிவிட்டது. கண்ணில் மஞ்சள் போய்விட்டது, உங்கம்மா தினமும் ஜன்னலோரம் நிறுத்தி இமையை இழுத்துப் பார்க்கிறாள். பித்தக்குழாயில் மாட்டியிருந்த அந்தக் கல்லைக் காட்டச் சொல்லிக் கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டதாம்.

ஒன்று சொல்லவேண்டும். வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுப்பதற்கு முன்னால், டாக்டர் உன்னிடம் விளக்கும்போது நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு விரல் மடக்கினார். நீ எழுதிக் காட்டிய தாளில் மூன்று வரிதான் இருந்தது. கணையம் வீங்கலாம், ரத்தம் கசியலாம், கிருமி தொற்றலாம். நான் பேனாவை உன்னிடமே திருப்பித் தந்தேன். குடலில் ஓட்டை விழலாம் என்பதை அதற்கப்புறம்தான் எழுதினாய்.

படித்ததும் பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டேதான் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன். என் உடம்புக்காகப் பயப்படுவது என் வேலை, பாப்பா. அதையும் நீ எடுத்துக்கொள்ளாதே.

திங்கட்கிழமை மறுபடி ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டை உங்கம்மா படம் பிடித்து அனுப்புவாள். ஆபீஸ் அவசரத்தில் எதையாவது விட நேர்ந்தால், நல்ல சேதி இருக்கும் வரியாகப் பார்த்து விட்டுவிடு.

அப்பா