பாகூர் பங்களாவின் நடுக்கதவு

அக்கா,

இன்று பாகூரில் ஒரு கல்யாணம். மண்டபம் எதுவென்று பார்த்தால் நம் பழைய பங்களா. புது வர்ணத்தையும் ரோஜா மாலைகளையும் மீறி அந்தப் பழைய ஈரச்சுவர் வாடை மேலே வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். நீ இறந்துபோய் இத்தனை வருஷமாகியும், வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அதைக் கட்டியவன் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவன் பெண்சாதி வெயிலுக்குப் பயந்து உள்ளேயே கிடந்து செத்தாளாம். பிறகு, சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒருவர் வாங்கினார். அவரிடமிருந்து நம் மாமனார். எண்ணெய் மண்டிக்காரர் துரை வீட்டில் குடியேறிவிட்டார் என்று ஊரே பேசியது. அந்தப் பெருமைக்குள் நீ மூத்த மருமகளாகவும் நான் இளையவளாகவும் வந்து சேர்ந்தோம்.

மாமனார் கண்ணை மூடியதும் அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போனார்கள். நடுக்கூடத்துக் கதவை ஆணியடித்து மூடினார்கள். கிழக்குப் பாதி உன் வீட்டுக்காரருக்கு, மேற்கு என்னவருக்கு. ஆளில்லாத பாதியை மற்றவன் பூட்டிக்கொள்வான் என்று இருவருக்கும் பயம். அவர்கள் மண்டிக்கும் வக்கீலிடமும் போய்வர, வீட்டைப் பிடித்து வைத்திருக்கும் வேலை நம்முடையதாயிற்று. வில்லியனூர்த் தேருக்குப் போகக்கூடாது, தாய்வீடு கூடாது, ஒருத்தியோடு ஒருத்தி பேசவும் கூடாது. கதவின் மரச்சட்டங்களுக்கு நடுவே பேசிக்கொண்டோம்.

"அந்தத் தொரசானியும் இப்படித்தான் கெடந்திருப்பா, இல்லடி?" என்று ஒருநாள் கேட்டாய்.

உன் அம்மா இறந்த சேதி வில்லியனூரிலிருந்து வந்தபோது, உன் வீட்டுக்காரர் எண்ணெய்க்கு மல்லாட்டை வாங்க விழுப்புரம் போயிருந்தார். நீ கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதாய்.

"நீ போக்கா. ஒன் பக்கத்துல நான் வந்து ஒக்காந்துக்கறேன்."

"ஒன் வூட்டுக்காரரு சும்மா வுடுவாராடி?"

"அத நான் பாத்துக்கறேன். பஸ்ஸு போயிடும், கெளம்பு."

நீ போனாய். தோட்டம் சுற்றி வந்து உன் பாதியில் உட்கார்ந்தேன். மதியம் என்னவர் பூட்டோடு வந்தார்.

"எழுந்து வாடி வெளிய."

"அக்கா வரட்டும். பூட்டறதுன்னா என்னையும் உள்ள வெச்சிப் பூட்டு."

செய்யமாட்டார் என்றுதான் நினைத்தேன். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். வேலைக்காரம்மா ஜன்னல் கம்பி வழியாகச் சோறும் தண்ணீரும் கொடுத்தாள். சோற்றை அப்படியே மூடி வைத்தேன். நீயாவது வெளியே போனாயே என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் வேலைக்காரம்மா வில்லியனூருக்கே போய்ச் சேதி சொல்ல, காரியம் முடிவதற்குள் நீ திரும்பிவிட்டாய். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே மண்டிக்குப் போய், அத்தனை ஆட்களுக்கும் முன்னால் என்னவரிடம், "என் தங்கச்சிய பூட்டி வெச்சிருக்கியாமே. சாவியக் குடு" என்றாயாம். அவர் தலை குனிந்து கொடுத்தாராம். வேலைக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் அண்ணன், இனி அந்த வீட்டுக்குப் போகாதே என்று சொன்னதும், நீ சரியென்று தலையாட்டியிருந்ததும்கூட அவள் சொன்னதுதான்.

"ஏங்க்கா வந்த?" என்று அழுதேன்.

"நீ இங்க கெடக்கறப்ப நான் அங்க எப்டிடி சோறு துன்னுவேன்?"

அதன்பிறகும் பல வருஷம் அங்கேயே கிடந்தோம். கடைசியில், வழக்கில் யாரும் ஜெயிக்காமல், சேதராப்பட்டில் கம்பெனி வைத்திருந்த ஒருவருக்கு, சரக்கு அடுக்க அதை விற்றார்கள். மண்டபமானது அதற்கப்புறம். நீ வாடகை வீட்டுக்குப் போய் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை.

என் மகள் ஒருமுறை புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து நின்றாள். "ஊரு இன்னா பேசும்? இப்பவே திருப்பி அனுப்பு" என்று என்னவர் கத்தினார். "அவ இஷ்டப்பட்ட வரைக்கும் இங்கதான் இருப்பா" என்றேன். அவர் தலை குனிந்து வெளியே போனார். மண்டியில் நீ பேசியதை நான் காதால் கேட்டதில்லை, அக்கா. ஆனால் அன்று என் வாயிலிருந்து வந்தது உன் குரல்தான்.