ஆற்றுத்தாயை எடுத்தேன்

ஆனி 28, சனி

துபாயில் இருக்கும் அண்ணனோடு ஃபோனில் ஆடும் விளையாட்டில் இன்று ஒரு தெய்வத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எடுத்தபின் மாற்ற முடியாது. அண்ணனைப் போல நெருப்புத் தேவனை எடுத்திருந்தால் உடனே வாள் கிடைத்திருக்கும். நான் ஆற்றுத்தாயை எடுத்தேன். ஆற்றில் நீர் வரும்வரை அவளுடைய ஆட்களுக்கு எந்தச் சக்தியும் கிடையாது.

"போயும் போயும் இதையா எடுத்த? அதுவரைக்கும் என்ன பண்ணுவ?" என்றான்.

"கடைமடைக்காரிண்ணே நான். தண்ணிக்குக் காத்திருக்கத் தெரியாதா?"

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிலத்தை விற்கச் சொல்லி அவன் சண்டை போட்டதிலிருந்து நாங்கள் வயலைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஃபோனை வைத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

"நாத்து விட்டாச்சா?" என்று கேட்டான்.

காலையில் முதல் வேலையாக நாற்றங்காலைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்.